சின்ன மாண்டிசோரி எலிமென்டரி ஸ்கூல்ல பிள்ளைய சேக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ரெண்டு பிள்ளைங்களும் சென்னைல ஒரு சின்ன மாண்டிசோரி ஸ்கூல்ல 12 வயசு வரைக்கும் படிச்சாங்க. அதனால அபார்ட்மென்ட் கேட்ல, கல்யாண வீட்ல, போன்லன்னு எங்க பாத்தாலும் இதே கேள்விங்க தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்புறதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். நான் டீச்சர் இல்ல, மூணு ஸ்கூல் ஏறி இறங்கி, ஒரு தடவ தப்பான எடத்துல சேத்து, ஒரு வருஷம் கழிச்சு மாத்தின அம்மா.

மாண்டிசோரின்னா எல்கேஜி யூகேஜி தானே? ஒண்ணாங் கிளாசுக்கு மேல கூடவா இருக்கு?

இருக்குங்க. மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல சான் லொரென்சோங்குற ஏழைங்க குடியிருப்புல முதல் குழந்தைகள் இல்லத்த ஆரம்பிச்சப்ப அது சின்னப் பிள்ளைங்களுக்கு தான், அந்தப் பேரு அப்படியே பிளேஸ்கூலோட ஒட்டிக்கிச்சு. ஆனா 6 வயசுல இருந்து 12 வரைக்கும் தனியா ஒரு பாடமுறை இருக்கு. அதுல நமக்கும் பங்கு இருக்குன்னு நிறைய பேருக்கு தெரியாது. 1939 நவம்பர்ல அடையாறு தியாசபிகல் சொசைட்டி கூப்பிட்டு அவங்க மெட்ராஸ் வந்தாங்க, அடுத்த வருஷமே இத்தாலி போர்ல குதிச்சிடுச்சு, எதிரி நாட்டுக்காரங்கன்னு ஆகி ஊர் திரும்ப முடியாம இங்கயே இருந்தாங்க. கொடைக்கானல்ல தங்கியிருந்த வருஷங்கள்ல மகன் மரியோவும் அவங்களுமா சேந்து பல வயசுப் பிள்ளைங்களோட வேலை பண்ணப்ப தான் இந்த எலிமென்டரி முறை நல்லா விரிஞ்சது.

வித்தியாசம் என்னன்னா, 3-6 வயசுல குழந்தை தொட்டு, தூக்கி, ஊத்தி, அடுக்கி கத்துக்கும். 6க்கு மேல 'ஏன்'னு கேக்க ஆரம்பிக்கும், கூட்டாளி வேணும், 'அவன் பண்றது நியாயமா'ன்னு சண்டை போடும். அந்தப் புது மனசுக்குன்னே அஞ்சு பெரிய கதைங்க வெச்சிருக்காங்க: பிரபஞ்சம் எப்படி வந்துச்சு, உயிர் எப்படி வந்துச்சு, மனுஷன் எப்படி வந்தான், எழுத்து எப்படி வந்துச்சு, எண் எப்படி வந்துச்சு. வருஷா வருஷம் சொல்லுவாங்க, அதுல இருந்து தான் அறிவியல், வரலாறு, மொழி, கணக்கு எல்லாம் கிளை விடும். என் பொண்ணு பூமியோட வயச காட்டுற நீளமான கருப்பு துணிய விரிச்சு, கடைசி நுனில மனுஷனுக்குன்னு இருக்குற மெல்லிசு கோட்ட பாத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல, கேள்வி மேல கேள்வி.

எங்க ஏரியாவுலயே நாலு ஸ்கூல் போர்டுல மாண்டிசோரின்னு போட்டிருக்கான். எல்லாம் ஒண்ணு தானே?

இல்லவே இல்ல. அந்தப் பேரு யாருக்கும் சொந்தம் இல்ல, நாளைக்கு நீங்க ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து போர்டு மாட்டினாலும் யாரும் தடுக்க முடியாது. மரியா மாண்டிசோரியே 1929ல ஆரம்பிச்ச ஏ.எம்.ஐ.ன்னு ஒரு சர்வதேச சங்கம் இருக்கு, இந்தியாவுலயும் பயிற்சி மையங்கள் இருக்கு, ஆனா அவங்க கொடுக்குறது டீச்சருக்கு டிப்ளமோ, எல்லா ஸ்கூலையும் போய் சோதிச்சு முத்திரை குத்துற வேலை இல்ல.

நான் முதல்ல ஏமாந்தது இங்க தான். அந்த ஸ்கூல்ல பிங்க் டவர், தங்க மணின்னு பிள்ளைங்க கையால எடுத்து கத்துக்குற மாண்டிசோரி மெட்டீரியல் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, கண்ணாடி பீரோவுக்குள்ள, பூட்டி. அட்மிஷன் அன்னிக்கு அழகா இருக்கேன்னு தான் தோணுச்சு. பையன் அங்க இருந்த ஒரு வருஷத்துல அதுல எதையும் ஒரு தடவ கூட தொடல, தெனம் ஒர்க்‌ஷீட் தான். பூட்டின பீரோ பாத்தீங்கன்னா அங்கயே திரும்பிடுங்க.

டீச்சருக்கு மாண்டிசோரி ட்ரெய்னிங் இருக்குன்னு சொல்றாங்க, அது போதும்ல?

'எந்த வயசுக்கு'ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வி நீங்க கேட்டாலே பேச்சு மாறும். 3-6க்கு ஒரு டிப்ளமோ, 6-12க்கு வேற டிப்ளமோ. நம்ம ஊர்ல 3-6 படிச்சவங்க நிறைய பேர், 6-12 படிச்சவங்க கம்மி. அதனால சின்ன ஸ்கூல்கள்ல என்ன நடக்குதுன்னா, பிளேஸ்கூல் நல்லா ஓடும், பெற்றோர் எல்லாம் 'இன்னும் ஒரு வருஷம் வைங்க'ன்னு கேப்பாங்க, அப்படியே ஒண்ணாவது ரெண்டாவதுன்னு நீட்டிப்பாங்க, டீச்சர் மட்டும் அதே ட்ரெய்னிங். மனசு நல்ல மனசா இருக்கும், ஆனா எட்டு வயசுப் பிள்ளைக்கு கொடுக்க கைல ஒண்ணும் இருக்காது.

வருஷா வருஷம் ஆள் மாறுறாங்களான்னும் கேளுங்க. மூணு வருஷம் ஒரே ஆன்ட்டிகிட்ட (டீச்சர இங்க அப்படி தான் கூப்பிடுவாங்க) இருக்கணும்ங்கிறது தான் இந்த முறையோட உயிர்நாடி.

மொத்தமே முப்பது நாப்பது பிள்ளைங்க தான் இருக்காங்க, இது நல்லதா கெட்டதா?

ரெண்டும். ஸ்கூல் சின்னதா இருக்கலாம், வகுப்பு ரொம்ப சின்னதா இருக்கக் கூடாது. கேக்க விசித்திரமா இருக்கும், நம்ம எல்லாருக்கும் 'பத்துக்கு ஒரு டீச்சர்' தான் நல்லதுன்னு தோணும். மாண்டிசோரில பிள்ளைங்க ஒருத்தர பாத்து ஒருத்தர் கத்துக்கணும், பத்து பேர் தான் இருந்தா ஒட்டுறதுக்கும் உரசுறதுக்கும் ஆளே இருக்காது, பெரியவங்க வேற எப்பவும் தலைக்கு மேல நின்னுட்டே இருப்பாங்க. இருபது இருபத்தஞ்சு பேர், ஒரு பயிற்சி பெத்தவங்க, ஒரு உதவியாளர்னு இருக்குற அறை எனக்கு ரொம்ப நல்லா தெரிஞ்சுது.

9 வயசுக்கு மேல தான் சின்ன ஸ்கூலோட குறை வெளிய வரும். என் பொண்ணுக்கு 11 வயசுல அவ வயசுல இன்னொரு பொண்ணு மட்டும் தான், அவங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்தா அந்த வாரம் பூரா வீட்ல மழை தான். அதனால மொத்த எண்ணிக்கைய விட, உங்க பிள்ளை வயசுல எத்தன பேர்னு எண்ணுங்க.

ஆறு வயசும் ஒம்பது வயசும் ஒரே ரூம்லயா? பெரிய பசங்க என் பையன அடிச்சிட்டா?

வழக்கமா 6-9 ஒரு குழு, 9-12 ஒரு குழு. சின்னவன் முதல் வருஷம் பாத்துட்டே இருப்பான், மூணாவது வருஷம் அவனே புதுசா வந்த பையனுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுப்பான். அண்ணன் தம்பி இல்லாம ஒத்தப் பிள்ளையா வளர்றவங்களுக்கு இது எவ்ளோ பெரிய வரம்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

அடி, கிண்டல் எங்கயும் நடக்கும். நடந்தப்ப பெரியவங்க என்ன பண்றாங்கன்னு தான் பாக்கணும். ஸ்கூல்லயே கேளுங்க, 'கடைசியா ஒரு சண்டை வந்தப்ப என்ன பண்ணீங்க?'ன்னு. எங்க ஸ்கூல்ல சண்டையே வராதுன்னு சொன்னா எனக்கு நம்பிக்கை போயிடும். அடிக்கிறது, மனச நோகடிக்கிற தண்டனை ரெண்டையுமே ஆர்.டி.இ.ங்குற கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு தடை பண்ணிருக்கு.

பரிட்சை கிடையாது, ரேங்க் கிடையாதுங்குறாங்க. படிக்கிறானா இல்லயான்னு எனக்கு எப்படி தெரியும்?

நியாயமான பயம் தான், எங்க வீட்லயும் இருந்துச்சு. மார்க் இல்லன்னா கணக்கே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தெந்த பிரசன்டேஷன் (மெட்டீரியல வெச்சு செஞ்சு காட்டுற பாடம்) கொடுத்தாச்சு, எத திரும்பத் திரும்ப செஞ்சான், எதுல நிக்கிறான்னு ஆன்ட்டி எழுதி வெச்சிருப்பாங்க, பெரிய பிள்ளைங்க தாங்களே ஒர்க் டைரி எழுதுவாங்க. அட்மிஷனுக்கு போறப்ப பேர மறைச்சிட்டு ஒரு பிள்ளையோட ரெக்கார்ட காட்ட முடியுமான்னு கேளுங்க. காட்டுனாங்கன்னா படிங்க. 'குட், வெரி குட்'னு மட்டும் இருந்தா அது ரெக்கார்ட் இல்ல. 'நாலு இலக்கப் பெருக்கல்ல பத்துக்கள மாத்துறப்ப தடுமாறுறா, மறுபடி காட்டணும்'னு இருந்தா அந்தாளு பிள்ளைய பாக்குறாங்கன்னு அர்த்தம்.

புடிச்சத மட்டும் செய்ய விட்டா என் பொண்ணு படம் வரைஞ்சிட்டே உக்காந்திருப்பா, கணக்க தொடவே மாட்டா.

சுதந்திரம்னா 'என்ன வேணா பண்ணு' இல்ல. எந்த வேலைய முதல்ல எடுக்கணும், யாரோட, எவ்ளோ நேரம்னு பிள்ளை முடிவு பண்ணும். கணக்கு வேணுமா வேணாமாங்குறது அதோட முடிவு இல்ல. நல்ல எலிமென்டரி ஆன்ட்டி வாரம் ஒரு தடவையாவது பிள்ளையோட உக்காந்து டைரிய புரட்டி 'இந்த வாரம் பின்னம் காணுமே'ன்னு கேப்பாங்க, இந்த வகுப்புல இவ்ளோ தெரிஞ்சிருக்கணும்னு அரசு பாடத்திட்டத்தையும் பிள்ளை முன்னாடியே வெச்சு பாப்பாங்க.

அப்படி யாரும் கேக்காத ஸ்கூலும் இருக்கு. அங்க உங்க பயம் உண்மையாயிடும். அதனால ஸ்கூல்ல கேக்க வேண்டியது, 'ஒரு பிள்ளை ரெண்டு மாசம் கணக்கே எடுக்கலன்னா என்ன பண்ணுவீங்க?'. 'அவளுக்கா தோணுறப்ப செய்வா'ங்குற பதிலோட நின்னாங்கன்னா யோசிங்க.

வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண வைக்க மாட்டாங்களாமே, கணக்கு எப்படி வரும்?

வாய்ப்பாடு உண்டு, ஆனா மனப்பாடம் கடைசில வரும். முதல்ல ஒரு மணி, பத்து மணி கோர்த்த கம்பி, நூறு மணி சதுரம், ஆயிரம் மணி கன சதுரம். ஆயிரத்த கைல தூக்குறப்ப அது கனமா இருக்கும், ஒண்ணு விரல் நுனில நிக்கும், அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரிஞ்சிடும். அப்புறம் ஸ்டாம்ப் கேம், செக்கர் போர்டுல பெரிய பெருக்கல், டெஸ்ட் டியூப்ல மணி போட்டு நீள வகுத்தல். ஒண்ணு பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு, ஆயிரம் வரப்ப மறுபடி பச்சைன்னு நிறம் எல்லா மெட்டீரியல்லயும் கூடவே வரும். நாலரை வயசுல புதிர் மாதிரி அடுக்குன பைனோமியல் க்யூப்ங்குற மரக் கட்டைங்கள பத்து வயசுல திரும்ப எடுத்து ஏ பிளஸ் பி ஹோல் க்யூப்னு எழுதுறப்ப என் பையன் கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு.

மெட்டீரியல விட்டுட்டு தாள்ல போடுற நிலைக்கு எப்ப வராங்கன்னு மட்டும் கேளுங்க. 10 வயசுக்கும் மணிய எண்ணிட்டே தான் இருக்காங்கன்னா எங்கயோ நின்னு போச்சு.

தமிழ் சொல்லித் தருவாங்களா? இந்த மாதிரி ஸ்கூல்ல பசங்க தமிழே பேச மாட்டேங்குதுங்களே (இது ஒரு பாட்டி கேட்டது)

எனக்கு ரொம்ப வருத்தமான இடம் இது. தமிழ்நாட்டுல 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், ஆனா சட்டத்துக்காக வாரம் ரெண்டு பீரியட் ஒரு தமிழ் மிஸ் வந்து போர்டுல எழுதிப் போட்டுட்டு போற ஸ்கூல் தான் அதிகம். இங்கிலீஷுக்கு மட்டும் மெட்டீரியல், தமிழுக்கு சாக்பீஸ். பிள்ளைக்கு எது முக்கியம்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சிடும்.

அலமாரில விரலால தடவிப் படிக்கிற தமிழ் உப்புத்தாள் எழுத்து இருக்கா, தமிழ்ல வார்த்தை அடுக்குற எழுத்துப் பெட்டி இருக்கா, பெயர்ச்சொல்லுக்கு கருப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்கு சிவப்பு வட்டம்னு வைக்கிற இலக்கண வேலை தமிழ்லயும் நடக்குதா, பெரிய கதைகள தமிழ்லயும் சொல்றாங்களான்னு பாருங்க. அழகா செய்யுற ஸ்கூல் உண்டு. 247 எழுத்தையும் ஒரே மூச்சுல போட்டு அமுக்காம, உயிர், மெய், அப்புறம் ரெண்டும் சேந்தா என்னாகும்னு பிள்ளையே கண்டுபிடிக்கிற மாதிரி செய்ய நம்ம எழுத்து முறை ரொம்ப வாகானது.

ஸ்கூல சுத்திப் பாக்க ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்காங்க, போகவா?

காலியா இருக்குற அறைய பாத்து என்னங்க பண்ண? வேலை நாள்ல, காலைல, பிள்ளைங்க இருக்கப்ப ஒரு மணி நேரம் ஓரமா நாற்காலி போட்டு உக்காரணும்னு கேளுங்க. அதுக்குப் பேரே அப்சர்வேஷன், நல்ல ஸ்கூல்ல அதுக்குன்னு நாற்காலியே இருக்கும். பேசக் கூடாது, போன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, சரின்னு இருங்க. மூணு ஸ்கூல்ல நான் மொத்தமா ஒரு அஞ்சு மணி நேரம் உக்காந்திருப்பேன், அதுல தெரிஞ்ச அளவுக்கு எந்த பிரின்சிபால் பேச்சுலயும் தெரியல.

அலமாரி திறந்திருக்கா, எல்லா மெட்டீரியலும் பீஸ் குறையாம இருக்கா, தூசி படிஞ்சிருக்கான்னு முதல்ல. அப்புறம் நேரம். காலைல மூணு மணி நேரம் மணி அடிக்காம, 'இப்ப எல்லாரும் ஹிந்தி எடுங்க'ன்னு குறுக்க வராம விடுறாங்களா? பெரியவங்க குரல பாருங்க, ரூம் இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு கத்துனா சரியில்ல. ஆனா எலிமென்டரி அறை அமைதியா இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, அந்த வயசுல கூட்டமா உக்காந்து பேசிட்டே தான் வேலை பண்ணுவாங்க, சத்தத்துல வேலை இருக்கான்னு மட்டும் காது கொடுத்துக் கேளுங்க. நாலஞ்சு பிள்ளைங்க வேலை இல்லாம சுத்துனா தப்பில்ல, பாதி அறை சுத்துனா தப்பு.

ரெகக்னிஷன் இல்லாத ஸ்கூலாமே, பரவாயில்லயா?

நான் 'பரவாயில்ல'ன்னு சொல்ல மாட்டேன். ஆர்.டி.இ. சட்டம் 18ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாம ஸ்கூல் நடத்தவே கூடாது. யூடைஸ் நம்பர்னு 11 இலக்கத்துல ஒண்ணு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் இருக்கும், அத வாங்கி எதுவரைக்கும் அங்கீகாரம்னு பாருங்க. சிலது அஞ்சாவது வரைக்கும் தான் வாங்கியிருக்கும், ஆறாவது ஏழாவதும் நடத்திட்டு இருப்பாங்க. உங்க பிள்ளைக்கு எமிஸ் நம்பர் (அரசு கல்வித் துறை பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்குற நம்பர்) போட்டாங்களான்னும் கேளுங்க.

கட்டடம், தீயணைப்பு, சுகாதாரச் சான்றிதழ்கள கேக்க யாரும் கூச்சப்படக் கூடாது. கும்பகோணத்துல 2004 ஜூலை 16ஆம் தேதி ஒரு ஸ்கூல் தீ விபத்துல 94 பிள்ளைங்க போனாங்க. மாடில ஒரே படிக்கட்டோட வாடகை வீட்ல நடக்குற சின்ன ஸ்கூல பாக்குறப்பல்லாம் எனக்கு அது தான் ஞாபகம் வரும். எவ்ளோ நல்ல ஆன்ட்டியா இருந்தாலும் வெளிய வர ரெண்டாவது வழி இல்லன்னா நான் சேக்க மாட்டேன்.

ஃபீஸ் ஏன் இவ்ளோ? மரச் சாமானுக்கா?

கொஞ்சம் அதுக்கும் தான், ஒரு எலிமென்டரி அறைய முழுசா நிரப்ப நிறைய செலவாகும், ஆனா அது பல வருஷம் உழைக்கும். பெரிய செலவு பயிற்சி பெத்த ஆளுங்க சம்பளம், அது நியாயமான செலவு. வருஷ ஃபீஸ், மெட்டீரியல் ஃபீஸ், டெபாசிட், வெளிய கூட்டிட்டு போறதுக்குன்னு எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. நன்கொடைங்குற பேர்ல ரசீது இல்லாம கேட்டா கொடுக்காதீங்க, ஆர்.டி.இ. 13ஆம் பிரிவு அத தடுக்குது, தமிழ்நாட்டுல தனியார் பள்ளிக் கட்டணத்துக்குன்னே 2009ல இருந்து தனிச் சட்டமும் குழுவும் இருக்கு. சிறுபான்மை நிறுவனம் இல்லாத அங்கீகாரம் பெத்த தனியார் ஸ்கூல்கள் நுழைவு வகுப்புல 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும், வசதி குறைவுன்னு நினைக்கிறவங்க கேட்டே ஆகணும்.

என் பொண்ணு இப்ப சி.பி.எஸ்.இ.ல மூணாவது. நடுவுல மாத்தலாமா?

மாத்தலாம், பொறுமை வேணும். நேரா வந்தவுடனே பிள்ளை தேனீ மாதிரி வேலை பண்ணாது. யாராவது சொன்னா தான் செய்யும், 'இதுக்கு மார்க் உண்டா'ன்னு கேக்கும், சில மாசம் சும்மா சுத்தும், என் பையன் கிட்டத்தட்ட அர வருஷம் ஜன்னல் பக்கமே நின்னான். அந்த நேரத்துல வீட்ல டியூஷன் வெச்சு ரெண்டு பக்கமும் இழுக்காதீங்க. 10 வயசுக்கு மேல மாத்துறதா இருந்தா ஆன்ட்டிகிட்ட ஒளிக்காம பேசுங்க, சில ஸ்கூல் அந்த வயசுல எடுக்கத் தயங்கும், தயங்குற ஸ்கூல் மேல எனக்கு மரியாத தான்.

பிள்ளைக்கு படிக்கிறதுல சிரமம் இருக்கு, மாண்டிசோரி தான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.

அவசரம் இல்லாம அவங்கவங்க வேகத்துல போறதும் கையால செய்யுறதும் உதவும். மரியா மாண்டிசோரியே டாக்டர், மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களோட வேலை பண்ணி தான் இந்த வழிக்கே வந்தாங்க. ஆனா மெட்டீரியல் மட்டும் போதாது. எழுத்துக் கோளாறு, கவனச் சிதறல் இதுக்கெல்லாம் தனிப் பயிற்சி பெத்த ஸ்பெஷல் எஜுகேட்டர் வேணும், சின்ன ஸ்கூல்ல பல சமயம் இருக்க மாட்டாங்க. 'பாத்துக்கலாம்'னு சொன்னா 'யாரு, வாரத்துல எத்தன நாளு'ன்னு கேளுங்க.

அஞ்சாவது முடிச்சு பெரிய ஸ்கூலுக்கு போனா தாங்குவானா?

என் ரெண்டு பேரும் தாங்குனாங்க, ஆனா லேசா இல்ல. பாடம் பிரச்சன இல்ல. நேரம் வெச்சு எழுதுற பரிட்சை, நாப்பது நிமிஷத்துல மணி அடிச்சு மூடுற புக்கு, கேள்வி கேட்டா 'அப்புறம்'ங்குற டீச்சர், இதுங்க தான் கஷ்டம். கடைசி வருஷம் பரிட்சை எழுதுறதையே ஒரு பாடமா வெச்சு பழக்குற ஸ்கூல் இருக்கு, அது உண்டான்னு கேளுங்க. முன்னாடி முடிச்ச பிள்ளைங்க எங்க போனாங்கன்னு கேட்டு, அதுல ரெண்டு வீட்டோட பேசுங்க, ஸ்கூல் கொடுக்குற நம்பர் ஒண்ணு, நீங்களா தேடிப் புடிச்சது ஒண்ணு. அங்கயே மேல படிச்சா என்.ஐ.ஓ.எஸ்.ங்குற தேசிய திறந்தநிலைப் பள்ளி பரிட்சை எழுத வைக்கிற ஸ்கூலும் இருக்கு, பத்தாவதுக்கு 14 வயசு ஆகியிருக்கணும்.

நடு வருஷத்துல ஸ்கூல மூடிட்டா என்ன பண்றது?

சின்ன ஸ்கூல்னா இது நிஜமான ஆபத்து. ஒருத்தரோட கனவுல ஓடுற ஸ்கூல், அவங்களுக்கு உடம்பு முடியலன்னா, வீட்டு ஓனர் காலி பண்ண சொன்னா, நின்னுடும். டிரஸ்ட்டா, தனி ஆளா, கட்டடம் சொந்தமா, லீஸ் எத்தன வருஷம், அவங்களுக்கு அப்புறம் யாருன்னு முதல்லயே கேளுங்க. நான் கேட்டப்ப அந்த மேடம் கோவிச்சுக்கல, எழுந்து போய் லீஸ் பேப்பர எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. அங்க தான் சேத்தேன்.

மேல சொன்ன யூடைஸ், எமிஸ் சரியா இருந்தா பயம் பாதி குறையும். டி.சி. வர லேட் ஆச்சுன்னு அரசு ஸ்கூல் சேக்க மறுக்கக் கூடாது, வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், ரெண்டும் ஆர்.டி.இ.ல இருக்கு. ஒவ்வொரு டெர்ம் முடிவுலயும் பிள்ளையோட ரெக்கார்ட ஒரு காப்பி வாங்கி, ஒர்க் டைரியோட சேத்து ஒரு ஃபைல்ல போட்டு வீட்ல வைங்க. புது டீச்சருக்கு உங்க பிள்ளைய அறிமுகப்படுத்த அந்த ஃபைல் தான் இருக்கும்.